இலைச்சுருட்டு என்று ஒரு நோய் இல்லை

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் எங்கள் தர்மபுரி பக்கத்துப் பென்னாகரத்தில் மருந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூணையும் அரைச்சு அடிங்கக்கா" என்பார் ஒருவர். "அதெல்லாம் எதுக்குங்க, புளிச்ச மோரே போதும்" என்பார் அடுத்தவர். வேப்பெண்ணெய், அடுப்புச் சாம்பல், புகையிலை ஊறவைத்த தண்ணீர், கோமியம், ஐந்திலைக் கரைசல் என்று பட்டியல் நீளும். மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இடத்திலும், வாரச்சந்தையில் நாற்றுக்கட்டு வாங்கும் இடத்திலும், டீக்கடையிலும் இதே பேச்சுதான். எந்தக் கரைசல் உசத்தி என்பதில் தகராறு உண்டு. மூன்று விஷயங்களில் மட்டும் தகராறே கிடையாது. இலைச்சுருட்டு என்பது ஒரு நோய். அதற்கு இயற்கை மருந்து இருக்கிறது. அந்த மருந்து பலிக்காவிட்டாலும் நஷ்டம் எதுவும் இல்லை.

மூன்றும் தவறு. அதிலும் கடைசியில் சொன்னது பக்கத்துக் காட்டுக்காரரின் பிழைப்பிலும் கைவைக்கக்கூடிய தவறு.

பூச்சிமருந்துக் கடைக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. குழம்புக்குக் கிள்ளிப்போடும் மிளகாயில் நஞ்சு இருக்கக் கூடாது என்று நினைக்கிறவன் நான். வேம்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதை இருப்பதால்தான், கண்ட கோளாறுக்கெல்லாம் எடுத்து ஊற்றும் திரவமாக அதை ஆக்கிவிட்டதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இலை சுருள்வது செடி காட்டும் அறிகுறி. அதற்குப் பின்னால் பூச்சி இருக்கலாம், நச்சுயிரி இருக்கலாம், சித்திரை வெயில் இருக்கலாம், பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லிகூட இருக்கலாம். இவற்றுக்குள் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. ஒன்றைத் தீர்ப்பது இன்னொன்றைத் தீர்க்காது. சில நேரம் மோசமாக்கவும் செய்யும்.

வீட்டுக்கு இரண்டு செடியாவது இருப்பது மிளகாய்தான் என்பதால் அதிலேயே பார்ப்போம். சுருண்ட கொழுந்து இலை ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி நிற்கிறதா? அடிப்புறத்தில் வெள்ளிப் பளபளப்போ பழுப்புத் தழும்போ தெரிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் இலைப்பேன் வேலை. சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, கொழுந்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத மெல்லிய கீற்றுகள் விழும். முதலில் தூசி என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தூசி ஓடத் தொடங்கும்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகாக இருந்தால் கதை வேறு. இலை சிறுத்துப்போய்க் காம்பு மட்டும் எலிவாலாக நீளும். இலை தடித்து, தொட்டால் முறுகலாக இருக்கும். இது மஞ்சள் சிலந்தி. வலை பின்னும் சிலந்தியைத் தேடாதீர்கள். இது 0.2 மில்லிமீட்டர் அளவுதான், வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் இலையின் அடியில் உருண்டு நகர்வதைப் பார்க்கலாம். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டே இது செடி விட்டுச் செடி போய்விடும். எட்டுக்கால் கொண்ட இது பூச்சியினத்திலேயே சேராது. ஆகவே பூச்சிக்கு என்று அடிக்கிற பல மருந்துகள் இதை ஒன்றும் செய்வதில்லை. நனையும் கந்தகத்துக்குக் கேட்கும். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் போதும். கந்தகம் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்ட பொருள்தான்.

ஒரே மிளகாய்ச் செடியில், ஒரே சுருட்டு என்று நாம் சொல்வதில் இரண்டு திசை, இரண்டு உயிர், இரண்டு வைத்தியம். பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட்டு, பூண்டு உரிக்க அரை மணி நேரம் செலவழிக்கச் சொல்கிறது நம் ஊர் வைத்தியம்.

என் சண்டையெல்லாம் அடுத்த காரணத்தைப் பற்றியது. தக்காளியில் கொழுந்து இலைகள் சிறுத்து, உள்நோக்கிச் சுருண்டு, ஓரமும் நரம்பிடையும் மஞ்சளித்து, கணுக்கள் நெருங்கிச் செடி புதர் மாதிரிக் குறுகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூ உதிரும், காய் பிடிக்காது. பக்கத்துச் செடி ஆளுயரம் போயிருக்கும், இது முழங்காலைத் தாண்டாது. மிளகாயிலும் பப்பாளியிலும் இதே போன்ற நோய் உண்டு. இது நச்சுயிரி. தக்காளி இலைச்சுருட்டு நச்சுயிரி நோயை வாசுதேவா, சாம்ராஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1948-லேயே இந்தியாவில் விவரித்து எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆராய்ச்சி நடந்துவிட்டது. இன்றுவரை மாறாத உண்மை ஒன்று: நச்சுயிரி பிடித்த செடியைத் தோட்டத்திலேயே வைத்துக் குணமாக்கும் மருந்து உலகத்தில் எவரிடமும் இல்லை. இயற்கைக் கடையிலும் இல்லை, ரசாயனக் கடையிலும் இல்லை.

ஏன் இல்லை என்பது எளிது. இந்த நச்சுயிரி செடியின் சாற்றுக்குழாயை ஒட்டிய உயிரணுக்களுக்குள் குடியிருக்கிறது. செடி தன் சொந்த உயிரணுக்களைப் பெருக்கப் பயன்படுத்தும் பொறியமைப்பையே இது தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்துகிறது. இலையின் மேல் படும் மோரும், இலையின் மேல் ஒட்டும் இஞ்சிச் சாறும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது. போய்ச் சேர்ந்தாலும் செடியைக் கொல்லாமல் நச்சுயிரியை மட்டும் கொல்ல அவற்றால் முடியாது.

மோர்க் கட்சிக்காரர்கள் சொல்லும் ஒரு வாதத்தில் பாதி உண்மை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். புகையிலை தேமல் நச்சுயிரி என்று ஒன்று உண்டு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரும். தொட்டாலே பரவும். நாற்றுகளைக் கையாளும்போது விரலைக் கொழுப்பு நீக்கிய பாலில் நனைத்துக்கொண்டால் அது பரவுவது குறையும் என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர், பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் சுரைக்காய் இனச் செடியில் சாம்பல் நோய் கட்டுப்படுகிறது என்று 1999-இல் எழுதினார். அதுவும் சரிதான். ஆனால் முதலாவது தொட்டுப் பரவும் வேறொரு நச்சுயிரி. இரண்டாவது இலையின் மேற்பரப்பில் படரும் பூஞ்சணம். நாம் பேசும் சுருட்டு நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. அங்கே பாலுக்கு வேலையே இல்லை. ஓரிடத்தில் மெய்யாகப் பலித்ததை இன்னோர் இடத்துக்குத் தூக்கி வருவதில்தான் தவறே தொடங்குகிறது.

வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் பார்த்துத் தாமிர மருந்து அடிக்கிறவர்களுக்கும் இதே கதிதான். குளிர்நாடுகளில் பேசப்படும் புகழ்பெற்ற இலைச்சுருட்டு பீச் மரத்துக்கு வருவது. அது பூஞ்சணம். மரம் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் தாமிரம் அடித்தால் கட்டுப்படும். பென்னாகரத்து மிளகாய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வெயிலுக்கும் இலை சுருளும். சித்திரையில் தண்ணீர் போதாத தக்காளி, தன் அடி இலைகளை நீளவாக்கில் உருட்டிக்கொள்ளும். நிறம் மாறாது, கொழுந்து நன்றாகவே இருக்கும். அதற்கு மருந்தே வேண்டாம். தண்ணீரும் மூடாக்கும் கொஞ்சம் நிழலும் போதும். பக்கத்துக் கரும்பிலோ சோளத்திலோ 2,4-டி களைக்கொல்லி அடித்திருந்தால் அதன் சாரல் காற்றில் வந்து தக்காளி இலையை முறுக்கி நாடாவாக்கிவிடும். காற்றில்தான் வர வேண்டும் என்பதுகூட இல்லை. களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரைச் சரியாகக் கழுவாமல் இரவல் வாங்கி, அதில் நம்முடைய இயற்கைக் கரைசலை ஊற்றி அடித்தாலே போதும். மருந்து அடித்த பிறகு சுருட்டு அதிகமாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள், அந்த டேங்க் இதற்கு முன் எங்கே போயிருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

"நீங்க ஆயிரம் சொல்லுங்க, எங்க வீட்ல பலிச்சுதே!" என்று மறுப்பு வரும். வருகிறது. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. பலித்தது எது என்றுதான் கேட்கிறேன். ஒரு நல்ல மழை பெய்தாலே இலைப்பேன் பாதி கழுவிக்கொண்டு போய்விடும். வெறும் தண்ணீரை இலையின் அடியில் வேகமாக அடித்தாலே அசுவினி உதிர்ந்துவிடும். கரைசலில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பே மென்தோல் பூச்சிகளைக் கொல்லும் மருந்து. அதில் பூண்டுக்குப் போகும் பெருமையில் பாதி சோப்புக்குச் சேர வேண்டியது. வெயிலில் சுருண்ட செடி ஆடி வந்தால் தானே தெளியும். நடுவில் மோர் அடித்திருந்தால் புகழ் மோருக்குப் போகும். பலிக்காத வீட்டுக்காரர் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். அவர் டீக்கடையில் வந்து அதைச் சொல்வதில்லை.

இதில் இன்னொரு குழப்பம், ஏற்கெனவே சுருண்ட இலை எந்த மருந்துக்கும் நிமிராது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. மஞ்சள் சிலந்தி செத்த பிறகும் அது செலுத்திய நஞ்சின் வடு இலையில் வாரக்கணக்கில் இருக்கும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க, அடித்த பிறகு விட்ட புதுக்கொழுந்தைத்தான் பார்க்க வேண்டும். இது தெரியாதவர்கள், பலித்த மருந்தைப் பலிக்கவில்லை என்று நினைத்து அடுத்த நாளே வேறொன்றை அடிக்கிறார்கள். அதற்கடுத்த நாள் இன்னொன்று. கடைசியில் செடி எதனால் செத்தது என்றே தெரியாமல் போகிறது.

இனி, "கெடுதல் இல்லையே" என்ற பேச்சு.

பென்னாகரம் வட்டத்தில் மல்பெரிக் காடுகள் இருக்கின்றன. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. பட்டுப்புழு நஞ்சுக்கு மிகவும் நொய்மையான உயிர். புகையிலையில் இருக்கும் நிகோடின் சிறிதளவு மல்பெரி இலையில் ஒட்டியிருந்தாலும் புழு தாங்காது. வேம்பின் சாரமும் அதன் தோலுரிப்பைக் கெடுக்கும். மல்பெரித் தோட்டத்து வரப்பை ஒட்டி மிளகாய் போட்டுவிட்டு, இயற்கைதானே என்று புகையிலைக் கரைசல் அடிப்பவர் பக்கத்து வீட்டுப் புழுத்தட்டில் கைவைக்கிறார். மனிதனுக்கும் அது நல்லதல்ல. நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். நிகோடின் சல்ஃபேட் என்ற பூச்சிமருந்தை இந்தியாவில் பயன்படுத்தக் கூடாது என்று 1992-லேயே தடை வந்துவிட்டது. கடையில் வாங்கினால் தடை செய்யப்பட்ட நஞ்சு, வீட்டில் காய்ச்சினால் இயற்கை மருந்தா? புகையிலை இலையை வெறுமனே ஊறவைத்த தண்ணீரில் மேலே சொன்ன தேமல் நச்சுயிரி உயிரோடு வந்து தக்காளிக்கே தொற்றவும் வழி உண்டு.

வேப்பெண்ணெயையும் அளவு தெரியாமல் அடித்தால் இலை கருகும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைப்பது சோப்பு. உங்கள் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்றால், அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலக்காது, மேலே மிதக்கும். முதல் செடிக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ ஒரு குடம் பிடித்துவைத்து அதில் கலக்க வேண்டும். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் இலை வெந்துபோகும். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில் கந்தகம் தனியாகவே சுடும். கெடுதல் இல்லாத மருந்து என்று எதுவும் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தவே முடியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் காலம் போவது. நச்சுயிரி பிடித்த தக்காளிச் செடிக்கு வாரம் ஒரு கரைசலாக மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். அந்த நாளெல்லாம் அந்தச் செடியில் வெள்ளை ஈ உட்கார்ந்து குடிக்கிறது. நோய்ச் செடியில் சற்று நேரம் குடித்த வெள்ளை ஈ, சில மணி நேரம் கழித்து, அதன் ஆயுள் முழுக்க அந்த நச்சுயிரியைச் சுமந்து பரப்பும். அது கொண்டுபோய்விட்ட செடியில் அறிகுறி தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் அங்கிருந்து இன்னும் பத்துச் செடிக்குப் போயிருக்கும். நம் மாடியில் நாம் ஆசையாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரு செடி, பாலக்கோடு வரை தக்காளி போட்டுக் கடன் கட்டக் காத்திருக்கும் காட்டுக்காரருக்கு நோய்க் கிடங்காகிவிடுகிறது. தொட்டியில் இருப்பது நமக்குப் பொழுதுபோக்கு. காட்டில் இருப்பது அவருக்குச் சோறு. கைவைத்தியத்தால் நஷ்டமில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

நட்டு வளர்த்த செடியைக் கையால் பிடுங்க மனம் வராது. எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு நோய்க்கு அதுதான் வைத்தியம். வெள்ளை ஈ பறந்துவிடாதபடி செடியின் மேல் ஒரு பையைக் கவிழ்த்து, வேரோடு பிடுங்கி, கட்டி, எரித்துவிட வேண்டும். பிடுங்கிய செடியைக் குப்பைமேட்டில் போட்டால் ஈ எழுந்து பக்கத்துச் செடிக்குப் போகும்.

"நம்ம முன்னோர் செஞ்சதுங்க இது" என்று அடுத்த வாதம். தக்காளி, மிளகாய், பப்பாளி, மரவள்ளி நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தக்காளிச் சுருட்டுக்குச் சங்ககாலத்து வைத்தியம் இருக்க வழியில்லை. சரி, மரபு என்ன சொல்கிறது என்றே பார்ப்போம். சுரபாலர் பெயரில் வழங்கும் விருட்சாயுர்வேதம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழைய நூல். 1996-இல் நளினி சாதலேயின் மொழிபெயர்ப்போடு அச்சில் வந்தது. அந்த நூல் மரங்களின் நோயை வாதம், பித்தம், கபம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அறிகுறி சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து சொல்கிறது. அந்தப் பிரிவினை இன்றைய அறிவியலுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. முதலில் நோயைப் பிரி, பிறகு மருந்தை எடு என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. எல்லாச் சுருட்டுக்கும் ஒரே கரைசல் என்று சொல்கிறவர்கள் மரபைப் பின்பற்றவில்லை, மரபில் இருந்த கவனத்தைக் கைவிட்டவர்கள்.

வேம்பும் அப்படித்தான் பெயர் வாங்கியது. 1962-இல் டெல்லியில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் தலைமையில் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துக் கரைத்துப் பயிரில் தெளித்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, தின்னவில்லை. வேம்பு பூச்சியின் வாயைக் கட்டுகிறது, அதன் வளர்ச்சியைக் குலைக்கிறது. உடனே கொல்வதில்லை, வெயிலில் சில நாளில் வீரியம் இழந்துவிடும். இதைத் தெரிந்து பயன்படுத்தினால் இலைப்பேனுக்கு அருமையான மருந்து. லிட்டருக்கு ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் காதி சோப்பு கலந்து, பொழுது சாயும் நேரத்தில் இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். இலைப்பேன் முட்டையை இலைத்தசைக்குள் செருகிவைக்கிறது, கூட்டுப்புழுப் பருவத்தைச் சருகிலும் மண்ணிலும் கழிக்கிறது. ஆகவே ஒருமுறை அடித்தால் தீராது. ஏழு நாளைக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். காரணம் தெரிந்தவருக்கு இந்தப் பொறுமை வரும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் குரல் வரும்: "இதைத்தான் நாங்களும் சொல்றோம், கரைசலெல்லாம் வீண், கடைக்கு வாங்க." அந்த வாசலுக்கு நான் யாரையும் அனுப்பவில்லை. சுருண்ட இலையைக் காட்டிய உடனே, திருப்பிக்கூடப் பார்க்காமல் மூன்று பாட்டிலை எடுத்து வைக்கும் கடையும் இதே தவறைத்தான் செய்கிறது. 2021-இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாயில் புதிய இலைப்பேன் இனம் ஒன்று பாய்ந்தது. பூவுக்குள் புகுந்து குடிக்கும் இனம். குண்டூர், கம்மம் பக்கம் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. மருந்து நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்றது, இலைப்பேன் மட்டும் மிஞ்சி நின்றது. காரணத்தைப் பார்க்காமல் அடிப்பது இயற்கை மருந்தானாலும் ரசாயன மருந்தானாலும் ஒன்றுதான்.

அப்படியானால் இயற்கை வழியே இல்லையா? இருக்கிறது. நம் கண்ணெதிரே நடந்ததை மறந்துவிட்டோம்.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. இரண்டே ஆண்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூன்றையும் அப்பிக்கொண்டது. வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீரில் வளர்ந்த பப்பாளிகூடத் தப்பவில்லை. கொழுந்து சுருங்கி, இலை சுருண்டு மஞ்சளித்து, காய் முழுக்க வெள்ளைப் பஞ்சு மூடி, அடியில் தேன்போல் ஒழுகிய கழிவில் கரும்பூஞ்சை படர்ந்து நின்றது. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், கடுமையான பூச்சிமருந்து எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் போர்வை இருக்கும்போது எதுவும் உள்ளே இறங்கவில்லை. கடைசியில் தீர்த்து வைத்தது ஒரு குளவி. பூச்சி எது, அதன் சொந்த ஊர் எது, அங்கே அதை அடக்குவது எது என்று கண்டுபிடித்து, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் வரவழைத்தது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற இனம், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது, பப்பாளி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்ப்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. மருந்து அடிக்காதீர்கள், குளவி செத்துவிடும் என்று விவசாயிகளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கேட்ட இடங்களில் சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இதைவிடப் பெரிய இயற்கை வைத்தியம் நம் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதில் அரைப்பும் இல்லை, கரைப்பும் இல்லை. பூச்சியின் பெயரைக் கண்டுபிடித்ததில் தொடங்கியது எல்லாம்.

மல்பெரியில் 'டுக்ரா' என்று பட்டு விவசாயிகள் சொல்லும் கொழுந்துச் சுருட்டும் இப்படித்தான். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி கொழுந்துக்குள் புகுந்து அதை முட்டைக்கோஸ் மாதிரி சுருக்கிவிடும். அனுபவசாலிகள் அந்தக் கொழுந்தைக் கிள்ளி எடுத்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுவார்கள் அல்லது எரிப்பார்கள், பொறிவண்டை விடுவார்கள். புழுவுக்கு இலை கொடுக்க வேண்டிய செடியில் கண்ட மருந்தையும் அடிக்க அவர்கள் துணிவதில்லை. இலைச்சுருட்டை எப்படிக் கையாள்வது என்று மிளகாய்க்காரர்கள் இந்தப் பட்டுக்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நச்சுயிரிச் சுருட்டுக்கும் இயற்கை வழி உண்டு. அது நோய் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. நாற்றை நுண்கண் நைலான் வலைக்குள் வளர்க்க வேண்டும், ஏனென்றால் இளம்பருவத்தில் நச்சுயிரி ஏறிய செடிதான் முழுக்க வீணாகும். தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் போட்டால் வெள்ளை ஈ உள்ளே வருவது குறையும். பார்த்தீனியம் போன்ற களைகளிலும் இந்த நச்சுயிரி தங்கும், வேலியோரத்தில் அதை விட்டுவைக்கக் கூடாது. சந்தையில் நாற்றுக்கட்டு வாங்கும்போது ஒவ்வொரு நாற்றின் அடி இலையையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், இலைச்சுருட்டு நச்சுயிரியைத் தாங்கி நிற்கும் அர்கா ரக்ஷக் என்ற தக்காளியைக் கொடுத்திருக்கிறது. மரவள்ளியில் தேமல் கண்ட செடியின் குச்சியை வெட்டி நடுவதை நிறுத்தினாலே பாதி நோய் குறையும். நோய் அந்தக் குச்சியிலேயே அடுத்த பட்டத்துக்குப் போகிறது. இவை எவற்றிலும் மிக்சி ஓட்டும் வேலை இல்லை. அதனால்தான் மருந்து என்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்.

பென்னாகரம் வட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் நம் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் செடியில் இலை சுருண்டால், எதையும் அரைக்காதீர்கள். சுருண்ட கொழுந்தோடு ஒரு கிளையை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, பூச்சி உதிராதபடி வாயைக் கட்டி அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். அது முடியாவிட்டால் வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். தாளில் ஒன்றும் ஓடவில்லை, இலை மஞ்சளித்துச் செடி குறுகி நிற்கிறது என்றால், அன்றைக்கே சாயங்காலம் அதைப் பையில் மூடிப் பிடுங்கிவிடுங்கள்.